சீதக்காதி படமும் மலை ஏறி வந்த ராஜபார்ட்டும்: மேடை நடிகன் பொழப்ப சினிமா சரியா காட்டுதா?

மலைப்பூண்டு (பூம்பாறை):

இங்க கொடைக்கானல் மலையில விடாம மழை, பூண்டு வயலுக்கும் போக முடியல, கரண்ட் வர்றதும் போறதுமா இருக்கு, சரினு போன்ல சீதக்காதிய மறுபடி போட்டு பாத்தேன். 2018 டிசம்பர்ல ரிலீஸானப்ப வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய் தியேட்டர்ல பாத்தது. கூட வந்தவன் விஜய் சேதுபதியோட 25வது படம்னு போஸ்டர பாத்து வந்தவன். ஹீரோ இடைவேளைக்கு முன்னாடியே செத்துப்போனா அவன் என்ன பண்ணுவான் பாவம், கிளம்பலாம்டா கிளம்பலாம்டானு கடைசி வர நச்சரிச்சான்.

பாக்காதவங்களுக்கு கதைய சுருக்கமா சொல்லிடறேன். ஆதிமூலம்னு ஒரு பெரிய மேடை நடிகர், எல்லாருக்கும் அய்யா. சின்ன வயசுலருந்து நாடகம்தான், சினிமா கூப்பிட்டும் போகல. வயசாக வயசாக கூட்டம் கொறையுது, நாற்காலி காலியாகுது. பேரனுக்கு உடம்பு சரியில்ல, வைத்தியத்துக்கு காசு இல்ல. மனுசன் மேடையிலயே உசுர விட்டுர்றாரு. அதுக்கப்புறம் அவரோட ஆத்மா கூட நடிச்ச பசங்க உடம்புல வந்து நடிக்குது, மேடையில ஆரம்பிச்சு சினிமா வரைக்கும் போயி கடைசியில கேஸு கோர்ட்டுக்கே போகுது. டைரக்டர் பாலாஜி தரணீதரன், நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம் எடுத்தவரு. அய்யா அவுரங்கசீப்பா உக்காந்து வெட்டே இல்லாம ஒரே ஷாட்ல பேசுற காட்சி இருக்கே, அத எத்தன தடவ வேணா பாக்கலாம், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

என் குறை வேற. படம் அய்யாவ ஒரு சாமியாரா ஆக்கிருது. யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டாரு, நிமிந்து பாக்க மாட்டாரு, கஷ்டம் வந்தா அமைதியா தாங்குவாரு. வறுமை இருக்கு, ஆனா வரவு செலவு இல்ல. ஒரு நாடகத்துக்கு அவருக்கு என்ன கைக்கு வரும், யாரு குடுப்பா, எப்ப குடுப்பா, ஒண்ணும் நமக்குத் தெரியாது.

இங்க பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் வச்சிருந்தாங்க. முருகன் வேஷம் போட வந்த ராஜபார்ட், அதான் நாயகன் வேஷக்காரரு, மதுரைப் பக்கத்து ஆளு. தலையில கிரீடம், நெஞ்சு நெறைய பாசிமணி, அதுக்கு மேல எங்க சித்தப்பாவோட கம்பளி. அந்தக் கோலத்துல மேடைக்குப் பின்னாடி நின்னு கமிட்டி ஆளுகிட்ட பேசுறாரு, "அண்ணே பேசுன சம்பளம் வேற, வண்டிச் செலவு வேற, மலைக்குன்னா வண்டிக்காரன் கூடக் கேக்குறான், அத இப்பவே குடுத்துருங்க, விடிஞ்சா நீங்க ஒருத்தரும் கண்ணுல பட மாட்டீங்க"ன்னு. அவர் மொனகிக்கிட்டே எண்ணிக் குடுத்தாரு. இவரு வாங்கி, ஈரமா இருந்த நோட்ட மட்டும் மாத்திக் கேட்டு வாங்கி, இடுப்புல சொருகிக்கிட்டு, கம்பளிய என் கையில குடுத்துட்டு மேடை ஏறி முதல் பாட்ட எடுத்தாரு பாருங்க. முன்னாடி உக்காந்திருந்த பெருசுக எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுச்சுக.

காசு கேட்டதால அந்த ஆளோட கலை ஒரு இம்மி கொறஞ்சிருச்சா? சினிமாவுக்கு மட்டும் ஏன் காசு கேக்காத கலைஞன்தான் கலைஞன்? உங்க அபிப்பிராயத்த சொல்லுங்க.

குன்னூர்_குளிரு:

ப்ரோ அது சினிமா, கணக்குப் புஸ்தகம் இல்ல. அய்யாவோட சம்பளச் சீட்ட காட்டிருந்தா நீங்களே போர் அடிக்குதுனு ஓட்டிவிட்டு பாத்திருப்பீங்க.

லேக்ரோடு:

ஈர நோட்ட மாத்திக் கேட்டாரு பாரு 😂 அந்த மனுசன் பொழச்சுக்குவாரு

வத்தலக்குண்டு_வாத்தியார்:

தம்பி மலைப்பூண்டு, கேள்வி நல்ல கேள்வி. ஆனா அய்யாவோட நாடகமும் உங்க மலைக்கு வந்த நாடகமும் வேற வேற. அத பிரிச்சுப் பாத்தாதான் யாரு கஷ்டம் எங்க இருக்குனு புரியும்.

அய்யா நடத்துறது சபா மாதிரி ஹால் நாடகம். நிரந்தரமா ஒரு குழு, ஒத்திகை, டிக்கெட்டு. நாற்காலி காலியானா அன்னைக்கு அடுப்பும் காலி. அதனாலதான் படத்துல அந்த காலி நாற்காலிய அவ்ளோ நேரம் காட்டுறாங்க, அதுல தப்பு சொல்ல முடியாது.

மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி பக்கம் நடக்குறது ஸ்பெஷல் நாடகம். அதுல குழுவுன்னே ஒண்ணு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரு, நாயகி வேஷம் கட்டுற ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, சிரிக்க வைக்கிற பபூன் ஒரு ஊரு, டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், மத்த தாளமும் சத்தமும் குடுக்குற ஆல்ரவுண்டு எல்லாமே தனித்தனியா தேதி பேசி வர்றவங்க. சில சமயம் மேக்கப் போடுற எடத்துலதான் மொத மொதல்ல ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க. ஒத்திகையே கிடையாது. எப்படி ஓடுதுன்னா எல்லாருக்கும் பாடம் ஒண்ணு, நாடகம் எழுதுன சங்கரதாஸ் சுவாமிகளோட பாடம். சுவாமிகள் 1867ல பொறந்து 1922ல போய்ச் சேந்தாரு, நூறு வருசம் தாண்டியும் அந்தப் பாட்டும் வசனமும்தான் இவங்களுக்கு சோறு போடுது. மதுரை தமுக்கத்துக்கிட்ட சிலை இருக்கே, பஸ்ல போறப்ப பாத்திருப்பீங்க. நடிக்கிறவங்க அந்த வழியா போனா செருப்ப கழட்டிட்டு கும்புடுவாங்க, நான் பாத்திருக்கேன்.

இதுல காசு ஊர் குடுக்குது. குடும்பத்துக்கு இவ்ளோன்னு தலக்கட்டு வரி போட்டு முன்கூட்டியே பேசி முடிச்சிருவாங்க, பாக்குறவன் யாரும் டிக்கெட் எடுக்குறதில்ல. அதனால திடல்ல ஆயிரம் பேர் இருந்தாலும் அம்பது பேர் இருந்தாலும் நடிகனுக்கு அன்னைக்கு வர்ற சம்பளம் ஒண்ணுதான். அப்ப அவன் எதுக்கு பயப்படுவான்? அடுத்த வருசம் இந்த ஊரு நாடகத்துக்கு பதிலா ஆர்க்கெஸ்ட்ரா வச்சிருவானோன்னு பயப்படுவான். கூட்டம் நெறஞ்சிருக்கும்போதே அவன் கஷ்டத்துல இருப்பான். இத எந்தப் படமும் இன்னும் எடுக்கல. காலி நாற்காலிய கேமராவுல காட்டிரலாம், வராமப் போன தேதிய எப்படி காட்டுவ?

மலைப்பூண்டு (பூம்பாறை):

வாத்தியாரே நான் சொல்ல வந்தத நீங்க சொல்லிட்டீங்க. ஆமா, அந்த ராஜபார்ட் டீ குடிக்கும்போது கேட்டது கூட "மன்னவனூர் பக்கம், கவுஞ்சிப் பக்கம் யாராச்சும் நாடகம் வைப்பாங்களா, தெரிஞ்சா சொல்லுங்க"னுதான். அவ்ளோ நல்லா பாடி முடிச்ச ஆளு, பாராட்டுனத காதுலயே வாங்கல.

ஆர்மோனியப்பெட்டி (பண்ணைக்காடு):

இந்த இழைய பாத்துட்டு சும்மா போக முடியல. நான் கொஞ்ச காலம் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சவன், இப்ப காப்பித் தோட்டம்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

மலையில நாடகம்னா எங்களுக்கு மொத பயம் குளிர் இல்ல, ஈரம். மிருதங்கத் தோலு ஈரத்துல தளந்து போயிரும். கீழ ஸ்ருதி சேத்து கொண்டுவந்தா மேல வந்ததும் வலது பக்கத் தோலு, அதான் வலந்தலை, பொத்து பொத்துனு சத்தம் குடுக்கும். மிருதங்கக்காரரு மேடைக்குப் பக்கத்துல நெருப்பு மூட்டச் சொல்லி வாத்தியத்த ஒரு கை தூரத்துல வச்சு திருப்பித் திருப்பிக் காட்டுவாரு, ரொம்பக் கிட்ட போனா தோலு வெடிச்சிரும், தள்ளி வச்சா ஏறாது. கல்ல வச்சு தோல் வாரத் தட்டித் தட்டி ஸ்ருதிய ஏத்துவாரு. தொப்பிப் பக்கம், அதான் இடது பக்கம், ரவைய பிசைஞ்சு அப்பிக்கிட்டு இருக்கும்போதே பபூன் மேடை ஏறிருவான், அவனுக்கு நான் மட்டும் தனியா வாசிச்சு சமாளிக்கணும். ஆர்மோனியத்துலயும் மரம் ஊதிப்போயி கட்டை அமுக்குனா மேல எந்திரிக்காது. ஒரு தடவ தாண்டிக்குடிப் பக்கம் ஒரு கட்டை அமுங்கினது அமுங்கினபடி நின்னு கத்திக்கிட்டே இருந்துச்சு, நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ற எடம், நான் இடது கைல துருத்தி போட்டுக்கிட்டு வலது கைல அந்தக் கட்டைய நகத்தால தூக்கித் தூக்கி விட்டுக்கிட்டே வாசிச்சேன். ஸ்திரீபார்ட் அந்தம்மா பாட்ட நிறுத்தாம என்னைய ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க, இன்னைக்கும் நெனச்சா வேர்க்குது.

பாடுறவங்க பாடு அதவிட மோசம். நாடகத்துல எல்லாம் ஒசந்த ஸ்ருதிதான், மைக் இல்லாத காலத்துல கடைசி ஆளுக்கும் கேக்கணும்னு பாடுன பழக்கம் இன்னும் போகல. குளிர்ல தொண்ட இறுகிப்போச்சுன்னா ராத்திரி முழுக்க மிளகு தட்டிப்போட்ட சுடுதண்ணிதான். விடியக்காலம் நாலு மணிக்கு கொடைக்கானல் தண்ணில முகத்துப் பவுடர கழுவிப் பாருங்க, அப்பறம் கலைச்சேவைய பத்திப் பேசலாம்.

சீதக்காதிய நானும் பாத்தேன். எனக்குப் புடிச்சது அய்யா இல்லாதப்ப அவரு பசங்க மேடையில ஏறி நிக்கிறது. உள்ள ஒண்ணுமே வராம கை நடுங்குமே, அந்த நடுக்கம் நெசம். ஆனா நெசத்துல பாடம் மறந்தா ஆத்மா வராது, ஆர்மோனியக்காரன்தான் அடுத்த வரிய மெதுவா எடுத்துக் குடுப்பான். அவன எந்தப் படத்துலயாவது பாத்தீங்களா?

தொழில் கணக்கையும் சொல்லிர்றேன், கேட்டாரே தம்பி. தையில ஆரம்பிச்சு மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி இதான் அறுவடை. ஆடியில கொஞ்சம் இருக்கும். புரட்டாசிக்கு அப்பறம் மார்கழி முடியற வர பெரும்பாலும் வீட்டுல உக்காந்திருக்கணும், நகைய அடகு வச்சு ஓட்டி பங்குனில மீப்பாங்க. 2020ல கொரோனாவுல பங்குனி சித்திரை போச்சு, 2021லயும் சித்திரையில மறுபடி போச்சு. வச்ச நகைய மீக்கவே முடியாமப் போன வீடு எனக்குத் தெரிஞ்சே இருக்கு. நான் வாத்தியத்த மூடி வச்சதும் அப்பதான்.

லேக்ரோடு:

நாடக வண்டி மேல வரணும்னா இப்ப இ-பாஸ் வேற எடுக்கணுமேண்ணே. முருகனுக்கே இ-பாஸ்.

குன்னூர்_குளிரு:

2024 மே 7லருந்து ஊட்டிக்கும் அதே கதைதான். வெளியூர் வண்டி எல்லாத்துக்கும் பதியணும். எங்க மாமா வண்டி கோயம்புத்தூர் நம்பர், சொந்த வீட்டுக்கு வர்றதுக்கு பட்ட பாடு இருக்கே

நெறியாளர்:

இ-பாஸுக்கு தனி இழை ஓடிக்கிட்டு இருக்கு. இங்க படத்தையும் நாடகத்தையும் பேசுங்க.

ஹட்டிக்காரன் (கோத்தகிரி):

நம்ம பக்கத்து நெலவரத்தையும் சொல்றேனுங்க. எங்க படுகர் ஹட்டில, அதான் ஊர்ல, தாத்தா காலத்துல வெளிய இருந்து ஆளு கூப்பிட்டு நாடகம் வைக்கிற பழக்கம் கம்மி. ஊர்ப் பசங்களே அரிச்சந்திரன் கதை மாதிரி எதாச்சும் எடுத்து பழகி ஹப்ப, அதான் திருவிழா, சமயத்துல போடுவாங்க. உருளைக்கெழங்கு தோட்ட வேல முடிஞ்சு சாயங்காலம் பழகுறது. சம்பளம் யாருக்கும் இல்ல, சாப்பாடு உண்டு. எங்க பெரிய தாத்தா சந்திரமதி வேஷம் கட்டுனவரு, சாகுற வரைக்கும் ஊர்ல அவர சந்திரமதினுதான் கூப்பிட்டாங்க, அவரும் "ஓ"னு திரும்புவாரு.

அவரு கஷ்டப்படுற கலைஞனா? இல்லீங்க, அவருக்கு நெலம் இருந்துச்சு. தேயிலை வெல விழுந்தப்ப கஷ்டப்பட்டாரு, அது வேற கஷ்டம். நான் சொல்ல வர்றது என்னன்னா கஷ்டப்பட்டாதான் நடிகன்ங்கிற எண்ணமே சினிமா நமக்கு குடுத்ததோன்னு ஒரு சந்தேகம்.

லயன்வீடு (கூடலூர்):

ஹட்டிக்காரன் அண்ணா சொன்னதோட என்னதையும் சேத்துக்கங்க. எங்க தாத்தா பாட்டி சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல சிலோன்லருந்து வந்தவங்க, 1964 ஒப்பந்தம். இங்க 1968ல அரசாங்கம் ஆரம்பிச்ச தேயிலைத் தோட்டத்துல வேலைக்கு வச்சாங்க, இன்னைக்கு டேன்டீனு சொல்றோமே அது. வரும்போது ரெண்டு பெட்டிதான் கொண்டுவந்தாங்கன்னு பாட்டி சொல்லும், ஆனா காமன் கூத்து முழுசா கொண்டுவந்துட்டாங்க. மாசி மாசம், மன்மதன் ரதி கல்யாணம், சிவன் தபச கெடுக்கப் போயி எரிஞ்சு போறது. மன்மதன் வேஷம் கட்டுற பையன் வெரதம் இருக்கணும், காலைல கொழுந்து எடுக்கப் போயிட்டு ராத்திரி தப்பு மேளம் அடிக்க ஆடணும். காமன் எரிஞ்சதும் ரதி ஒப்பாரி வைக்கும் பாருங்க, ரதியும் ஆம்பளப் பையன்தான், எங்க லயத்துல, அதான் தோட்டத்து லைன் வீடுகள்ல, கண்ணு கலங்காத பொம்பளைங்க கெடையாது.

அதனாலதான் எனக்கு சீதக்காதிய விட ஜமா புடிச்சுது. 2024 ஆகஸ்ட்ல வந்த படம், பாரி இளவழகன் எழுதி இயக்கி அவரே நடிச்சது, இளையராஜா மியூசிக். திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்து. கல்யாணம்னு ஒருத்தன், திரௌபதி, குந்தினு பொம்பள வேஷமே கட்டிக் கட்டி நடையும் கையும் அப்படியே ஆயிருச்சு, பொண்ணு கெடைக்கல, ஊரே கிண்டல் பண்ணுது. அவன் கேக்குறது பணம் புகழ் எல்லாம் இல்ல, ஒரே ஒரு தடவ அர்ஜுனன் வேஷம். வாத்தியார் தாண்டவம், சேத்தன் நடிச்சிருப்பாரு, குடுக்க மாட்டேங்குறாரு. மேடை நடிகனோட பெரிய எதிரி காலி நாற்காலியும் இல்ல ஆர்க்கெஸ்ட்ராவும் இல்ல, வேஷத்த பங்கு போடுற சொந்த வாத்தியாருதான்னு அந்தப் படம் சொல்லுது. எங்க லயத்துலயும் யாரு மன்மதன்னு முடிவு பண்றதுக்குள்ள ரெண்டு குடும்பம் பேச்ச நிறுத்திக்கும்.

ஆர்மோனியப்பெட்டி (பண்ணைக்காடு):

நூத்துக்கு நூறு உண்மை. வேஷப் பொறாமைய தைரியமா எடுத்த படம்னா 2014ல வந்த காவியத்தலைவனையும் சொல்லணும். சித்தார்த்துக்கு ராஜபார்ட்ட குடுத்ததும் பிருத்விராஜ் முகம் போற போக்கு. அதுல வர்ற சுவாமிகள், நாசர் பண்ணது, சங்கரதாஸ் சுவாமிகள மனசுல வச்சு செஞ்சதுதான். பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நாடக மெட்டு மாதிரி இல்ல, வழவழன்னு இருந்துச்சு. மேடையில பாடுற பாட்டுல கொஞ்சம் கரகரப்பு வேணும்.

குன்னூர்_குளிரு:

எல்லாரும் சேந்து சீதக்காதிய மொத்தமா ஒதுக்குறீங்க, நான் ஒத்துக்க மாட்டேன், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கங்க.

அய்யாவ பத்தின படம்னு நீங்க நெனைக்கிறீங்க, அங்கதான் வம்பே. அது சினிமாவ பத்தின படம். அய்யா உயிரோட இருந்தவரைக்கும் சினிமாக்காரன் எவனும் அவர் வீட்டு வாசலுக்கு வந்து தவம் கெடக்கல. செத்ததுக்கு அப்பறம் க்யூ கட்டி நிக்கிறான். ஏன்? இந்த நடிகனுக்கு கேரவன் வேணாம், ஹோட்டல் ரூம் வேணாம், வண்டி அனுப்ப வேணாம், கால்ஷீட் சண்ட கெடையாது, வயசாகாது. உடம்பே இல்லாத நடிப்பு மட்டும் கெடச்சா போதும்னு நிக்கிற தொழில அந்தப் படம் போட்டுக் கிழிக்குது. மலைப்பூண்டு ப்ரோ, காசு கேக்காத கலைஞன்தான் கலைஞனானு நீங்க கேட்டீங்களே, அதே கேள்விதான் படத்துலயும் இருக்கு, நீங்க அய்யாவோட முகத்தப் பாத்துக்கிட்டு இருந்ததுல சுத்தி நிக்கிறவங்க மூஞ்சிய பாக்கல.

அப்பறம் சுனில் ரெட்டி நடிச்ச அந்த தனபால் கேரக்டர். அய்யா உள்ள வந்தா பிரமாதம், போயிட்டா ஒரு வரி ஒழுங்கா பேச வராது. ஒரே சோகக் காட்சிய டேக் மேல டேக் எடுத்து எடுத்து டைரக்டர் முகம் செத்துப்போகும், தியேட்டர்ல வயித்த புடிச்சுக்கிட்டு சிரிச்சேன். நடிப்புனா என்னனு ஆயிரம் கட்டுரை எழுதலாம், நடிக்கவே வராதவன அரைமணி நேரம் கேமரா முன்னாடி நிப்பாட்டி காட்டுனது மாதிரி வராது. நல்ல நடிப்ப விட மோசமான நடிப்ப நடிச்சுக் காட்டுறதுதான் கஷ்டம், அந்தப் பையனுக்கு அதுக்காக ஒரு விருது குடுத்திருக்கணும்.

குறை சொல்லணும்னா நான் சொல்றேன், அந்தத் தாடியும் தோலும் மேக்கப்பு. கிட்ட போகும்போதெல்லாம் எனக்கு விஜய் சேதுபதி உள்ள வேர்த்துக்கிட்டு இருப்பாரேங்கிற கவலதான் வந்துச்சு. படமும் ரெண்டாம் பாதில இழுக்குது, அதையும் ஒத்துக்கறேன்.

மலைப்பூண்டு (பூம்பாறை):

கேரவன் வேணாம் ரூம் வேணாம்ங்கிற பாயிண்ட் நல்லா இருக்கு, யோசிக்க வைக்குது. ஆனாலும் விடமாட்டேன். செத்தும் கொடுத்தான் சீதக்காதினு டைட்டில் வச்சாச்சு, சரி. உசிரோட இருந்தப்ப அவருக்கு யாரு என்ன குடுத்தா? அத கேக்காம, செத்து ஆத்மாவா வந்து ஜெயிச்சாருனு கைதட்ட வைக்குறது நமக்கு ரொம்ப சௌகரியமா இருக்கு. கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிரலாம், வண்டிச் செலவு குடுக்க வேண்டியதில்ல.

செண்பகனூர்_அக்கா:

இவ்ளோ நேரமா பேசுறீங்க, ஒரு பொம்பளைய பத்தி பேச்சே காணோம். ஸ்திரீபார்ட் ஒருத்தர கண்ணால மட்டும் பாத்திருக்காரு ஆர்மோனியக்கார அண்ணன் 😊

சீதக்காதில அர்ச்சனா அவ்ளோ நல்ல நடிகை, அய்யா மனைவியா வந்து கவலையா நிக்கிறதோட சரி. ஸ்பெஷல் நாடகத்துல பொம்பளைங்க படுற பாட்ட யாராவது எடுத்தாங்களா? விடிய விடிய வள்ளியா நின்னு நாரதரோட தர்க்கம் பண்ணி, பதிலுக்குப் பதில் பாட்டா சொல்லி ஜெயிச்சுட்டு, காலைல மொத பஸ்ல ஏறி உக்காந்தா பக்கத்து சீட்ல உக்காந்தவ பவுடர் மிச்சத்த பாத்துட்டு எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போறா. இது எங்க தூரத்துச் சொந்தத்துல ஒருத்தங்களுக்கு நடந்தது. ராத்திரி அதே பொம்பள மொத வரிசையில உக்காந்து கண்ணத் தொடச்சுக்கிட்டு இருந்திருப்பா. கல்யாணம் பேசும்போது "அம்மா என்ன வேல பாக்குறாங்க"ன்னா பிள்ளைங்க டைலர்னு சொல்லுது.

மலைப்பூண்டு தம்பி காசு கேக்குற கலைஞன பத்தி கேட்டீங்களே, கே.பி.சுந்தராம்பாளவிட வேற யாரு வேணும்? கொடுமுடியில வறுமைல பொறந்தவங்க, மேடை ஏறி நாடக நடிகர் கிட்டப்பாவோட ஜோடியா தமிழ்நாட்டையே கட்டிப்போட்டவங்க. கிட்டப்பா 1933ல சின்ன வயசுலயே போயிட்டாரு. அந்தம்மா வெள்ள சேல கட்டிக்கிட்டு ஒதுங்கிட்டாங்க. அப்பறம் சினிமா வந்து கூப்பிட்டுச்சு, ஒரு லட்சம் ரூவா குடுத்தாதான்னாங்க. 1935ல ஒரு லட்சம்! குடுத்தாங்க, பக்த நந்தனார்ல நடிச்சாங்க, அதுவும் ஆம்பள வேஷம், நந்தனாராவே. அவங்க காசு கேட்டதால யாராவது பக்தி கொறஞ்சு போச்சுன்னாங்களா? அப்படி ஒரு படம் எடுங்க, நான் வத்தலக்குண்டுக்கு நடந்தே இறங்கி வந்து பாக்குறேன்.

வத்தலக்குண்டு_வாத்தியார்:

அக்கா ஒரு போடு போட்டுட்டாங்க. இன்னொண்ணும் இருக்கு. சினிமாவுல பெரிய ஆளா ஆனவங்க பலரு மேடைல அடி வாங்கி வந்தவங்கதான். எம்ஜிஆர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. கணேசனுக்கு சிவாஜிங்கிற பேரே அண்ணா எழுதுன நாடகத்துல நடிச்சதப் பாத்து பெரியார் குடுத்தது. அவங்களுக்கு மேடைங்கிறது ஏறி வந்த படி. அதனாலயோ என்னவோ சிவாஜி 1973ல ராஜபார்ட் ரங்கதுரை பண்ணப்ப மேடைக் காட்சில எல்லாம் தனியா ஒரு ஜாலி தெரியும், பழைய வீட்டுக்குள்ள சாவி போட்டுத் தொறந்து போறவர் மாதிரி. ஆனா அதுலயும் ராஜபார்ட் குடும்பத்துக்காக தியாகம் பண்ணிப் பண்ணியே தேய்வாரு. தமிழ் சினிமாவுல மேடை நடிகன்னா தியாகிதான், பேரம் பேசத் தெரிஞ்சவனா ஒருத்தனக்கூட காட்ட மாட்டாங்க.

மலைப்பூண்டு (பூம்பாறை):

அக்கா அந்த டைலர் விசயம் படிச்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சு.

இங்க எங்க ஊர்லயே அடுத்த திருவிழாவுக்கு நாடகமா லைட் மியூசிக்கானு அடிச்சுக்கிட்டு இருக்காங்க. பசங்க சொல்ற காரணம் "ராத்திரி பத்து மணிக்கு மேல மைக் போடக் கூடாது, நாடகமே பத்துக்குத்தான் ஆரம்பிப்பீங்க, அப்ப எப்படி"ன்னு. சட்டம் அப்படித்தானா?

வத்தலக்குண்டு_வாத்தியார்:

ஒலி மாசு விதி 2000ல வந்தது. ராத்திரி பத்துலருந்து காலைல ஆறு வர திறந்தவெளில ஒலிபெருக்கி கூடாது, திருவிழா மாதிரி நாட்களுக்கு பன்னெண்டு மணி வர மாநில அரசு சில நாள் மட்டும் தளர்த்தலாம். நடைமுறையில ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும், அங்க யாரு இருக்காங்கங்கிறதப் பொறுத்து அனுபவம் மாறும். பல ஊர்ல இப்ப ஏழு எட்டு மணிக்கே ஆரம்பிச்சிர்றாங்க. பபூன் டான்ஸு நேரத்த கொறச்சு, தர்க்கத்த கொறச்சு, கல்யாணத்துக்கு ஓடிர்றது. விடிய விடிய ஊற வேண்டிய நாடகத்த அரை ராத்திரில முடிச்சா பாடத்துல பாதி மேடைக்கே வர்றதில்ல, புதுசா வர்ற பசங்களுக்கு அந்தப் பாதி தெரியாமலே போயிரும். சீதக்காதில கூட்டம் வராம நாடகம் சாகுது, இங்க கூட்டம் இருக்க இருக்க கடிகாரத்தால தேயுது.

ஆர்மோனியப்பெட்டி (பண்ணைக்காடு):

நாடகம் வைக்கிறதா முடிவானா ரெண்டு விசயம் மட்டும் கமிட்டில சொல்லுங்க தம்பி. ஒண்ணு, நேரா நடிகர்கிட்டயோ நாடக நடிகர் சங்கத்துலயோ போயி பேசுங்க, நடுவுல ஆளு அதிகமானா நடிகன் கைக்கு வர்றது கொறையும். இன்னொண்ணு, மலைக்கு வர்றவங்களுக்கு தங்க ஒரு ரூம், கழுவ சுடுதண்ணி, மிருதங்கத்துக்கு ஒரு சட்டி நெருப்பு. பொம்பளைங்களுக்கு தனி ரூம், கதவுல தாப்பா இருக்கணும். மாட்டுக் கொட்டாய்ல சாக்கு கட்டி மறச்சு வேஷம் கட்டச் சொன்ன ஊரு எல்லாம் எனக்குத் தெரியும்.

செண்பகனூர்_அக்கா:

தாப்பாவ சொன்னீங்க பாருங்க அண்ணே, கும்பிடு.

லயன்வீடு (கூடலூர்):

மலைப்பூண்டு, எத்தன மணிக்குனு போடுங்க, லீவு கெடச்சா பஸ் ஏறிர்றேன். பழனி வழியா வரலாமா?

மலைப்பூண்டு (பூம்பாறை):

பழனிலருந்து பெருமாள்மலை வழியா வந்திரலாம். தேதி இன்னும் பேசல. பசங்களுக்கு பபூன் நல்ல ஆளா இருந்தா போதுமாம், அத வச்சுத்தான் ஒத்துக்கிட்டிருக்கானுங்க.

குன்னூர்_குளிரு:

நாடகத்துக்கு நானும் வர்றேன். ஆனா ஜமா சீதக்காதிய விட நல்ல படம்னு லயன்வீடு போற போக்குல சொல்லிட்டு போனத நான் விடப்போறதில்ல. அதுக்கு தனியா ஒரு இழை தொறக்கறேன், எல்லாரும் அங்க வாங்க.